முப்பத்தைந்தில் ஒரு பவல்

யாழ்ப்பாணத்தில் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வாழ்ந்தவர்களுக்குப் ‘பவல்’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். உயரமான நான்கு சக்கரங்களின் மேல், கூரையில்லாத இரும்புத் தொட்டி ஒன்றைத் தூக்கி வைத்ததுபோலத் தோன்றும் இராணுவ வாகனம் அது. பத்திரிகைகள் ‘பவல் கவசவாகனம்’ என்று எழுதின. சொல்லின் மூலம் ஆபிரிக்கான்ஸ் மொழி. தென்னாபிரிக்காவில் அதன் பெயர் ‘பஃபெல்’, அதாவது எருமை. இலங்கை இராணுவத்திடம் வந்து, அங்கிருந்து எங்கள் ஊர்வாய்க்குள் நுழைந்தபோது எருமை பவலாகிவிட்டது.

கடந்த இரண்டு குளிர்காலங்களாக ரொறன்ரோவில் என் வீட்டு நிலக்கீழ் அறையில் இந்த வாகனத்தின் மாதிரி ஒன்றைச் செய்துவருகிறேன். அளவு முப்பத்தைந்தில் ஒன்று. ஒரு பொருளைச் சின்னதாகச் செய்ய முற்படும்போது, அதன் ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்ணிவெடி பெற்ற பிள்ளை

இன்று சிம்பாப்வே எனப்படும் அன்றைய ரொடீசியாவிலும், நமீபியாவின் வட எல்லையிலும் 1960கள், 1970களில் விடுதலை இயக்கங்கள் மண் பாதைகளில் கண்ணிவெடி புதைத்தன. சோவியத் தயாரிப்பான ‘ரீஎம்-46’ என்ற வெடியில் 5.7 கிலோ வெடிமருந்து இருந்தது. சாதாரண லாண்ட்ரோவர் ஒன்று அதன்மேல் ஏறினால் உள்ளே இருந்தவர்கள் தப்புவது அரிது. வெள்ளைச் சிறுபான்மை அரசுகளுக்கு இது கணக்கு ஒத்துவராத போர். வெடி மலிவு, வாகனமும் பயிற்சி பெற்ற படையாளும் விலை கூடியவை.

ரொடீசியப் பட்டறைகளில் முதலில் கைக்கு எட்டியதையே செய்தார்கள். வாகனத்தின் தரையில் மண்மூட்டைகளை அடுக்கினார்கள். ரயர்களுக்குள் தண்ணீர் நிரப்பினார்கள். பிறகுதான் வடிவத்தை மாற்றும் எண்ணம் வந்தது. தட்டையான அடித்தளம் வெடியின் முழு விசையையும் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அதே தளத்தைத் தோணியின் அடிபோல் கூராக மடித்தால் விசையின் பெரும்பகுதி இரு பக்கமும் வழுகிப் போய்விடும். நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் ஆட்கள் இருக்கிறார்களோ, அவ்வளவுக்கு விசை குறையும். சக்கரம் பிய்ந்து போகலாம். அது பலி கொடுக்க வேண்டிய பாகம். ஆள் இருக்கும் தொட்டி தப்ப வேண்டும்.

தென்னாபிரிக்கா இந்தக் கருத்தைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1977இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை அந்த நாட்டுக்குக் கட்டாய ஆயுதத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே பஃபெல் படையில் சேர்ந்தது. அதன் அடிச்சட்டம் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் யூனிமொக் 416. யூனிமொக் அடிப்படையில் ஒரு வேலைக்கார வாகனம். தோட்டத்துக்கும் காட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் செய்யப்பட்டது. அதன் மேல் கவசத் தொட்டியைப் பொருத்தியதும் போர் வாகனமாயிற்று. முன்னால் இடப்பக்கத்தில் சாரதிக்குத் தனியான கவசக்கூடு. அவருக்குப் பக்கத்தில் இயந்திரம். பின்னால் கூரையில்லாத தொட்டியில் பத்துப் படையினர், ஐந்து ஐந்து பேராக இரண்டு வரிசை. நடுவில் முதுகோடு முதுகு பொருந்த, முகம் வெளிப்பக்கம் பார்க்க உட்காருவார்கள். உடலை இருக்கையோடு கட்டும் பட்டிகள் உண்டு. தொட்டியின் கூரான அடிப்பகுதியில் டீசலுக்கும் குடிதண்ணீருக்கும் பிளாஸ்ரிக் தாங்கிகள்.

உயரத்துக்கு ஒரு விலை இருந்தது. பாரம் மேலே இருப்பதால் வளைவில் வேகமாகத் திரும்பினால் வாகனம் குடைசாயும். இருக்கைப் பட்டிகளும், தொட்டியின் மேல் வளைந்து நிற்கும் இரும்புச் சட்டமும் அதற்காகவே. எல்லைப் போருக்கென்று செய்த இந்த வாகனத்தை நிறவெறி அரசு 1980களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள்ளும் அனுப்பியது. கண்ணிவெடியே இல்லாத தெருக்களில் அதன் உயரம் வேறொரு வேலையைச் செய்தது: உள்ளே இருப்பவர் மதிலுக்கு மேலால் வீட்டு முற்றத்தைப் பார்க்கலாம்.

பலாலி வீதி

1983 யூலை 23 இரவு, திருநெல்வேலியில் பலாலி வீதியில் ஒரு ஜீப்பும் ஒரு ட்ரக்கும் ரோந்து வந்தன. கண்ணிவெடியும் அதைத் தொடர்ந்த தாக்குதலும் வந்த பதினைந்து படையினரில் பதின்மூவரைக் கொன்றன. அடுத்த நாள் படையினர் யாழ்ப்பாணத்தில் பொதுமக்கள் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். கொழும்பில் தொடங்கி நாட்டின் பல பகுதிகளிலும் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்களில் பலர் இன்று இருக்கும் நாடுகளில் இருப்பதற்கு அந்தக் கிழமை ஒரு காரணம்.

வாகன வரலாற்றின் கண்ணால் பார்த்தால், அன்று ரோந்து போனவை கவசமில்லாத சாதாரண வண்டிகள். வடக்கின் வீதிகளில் கண்ணிவெடி பெருகியபோது ரொடீசியாவின் கணக்கு இங்கேயும் வந்தது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை தென்னாபிரிக்காவிடமிருந்து பஃபெல்களை வாங்கியது. இராணுவத்தின் மின்சார, இயந்திரப் பொறியியல் படையணி அந்த மாதிரியைப் பின்பற்றி ‘யூனிகோர்ன்’ என்ற வாகனத்தையும், பின்னர் அதை மேம்படுத்தி ‘யூனிபஃபெல்’ என்பதையும் உள்ளூரிலேயே செய்தது. ஊரில் எங்களுக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. உயரமாக வந்ததெல்லாம் பவல்தான்.

ஆபிரிக்காவில் பவலுக்கு எதிரில் இருந்தது தொழிற்சாலையில் செய்த, அளவு தெரிந்த வெடி. யாழ்ப்பாணத்தில் வெடியும் உள்ளூர்ச் செய்கைதான். மதகுகளுக்கு அடியில் புதைத்து, தூரத்தில் இருந்து கம்பி வழியாக வெடிக்க வைத்த கண்ணிகளின் எடைக்கு வரம்பில்லை. கூரான அடித்தளம் ஆறு கிலோவுக்கு விடை சொல்லும். அதைப்போல் பல மடங்குக்கு விடை சொல்லாது. ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்து மாற்றங்கள் செய்துகொண்டே போயின.

அப்படி மாற்றிய வாகனங்களில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். 1991 யூலையில் ஆனையிறவுத் தளத்தைத் தாக்கிய விடுதலைப் புலிகள் புல்டோசரைச் சுற்றி இரும்புத் தகடுகளைப் பொருத்திக் கவசவாகனமாக்கியிருந்தார்கள். அதில் ஒன்றைத் தடுத்து உயிர்விட்ட காமினி குலரத்ன என்ற படைவீரருக்கு அரசு மிக உயர்ந்த வீர விருதைக் கொடுத்தது. அந்த புல்டோசர் ஏ-9 வீதியோரத்தில் இராணுவ நினைவிடமாக நிற்கிறது. ஊருக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் வான் யன்னலால் பார்ப்பது அதைத்தான். அதற்குள் இருந்தவர்களின் பெயர் அங்கே இல்லை.

நகரம் போய் வாகனம் வந்த கதை

போருக்கு மாதிரி செய்வது பழைய வழக்கம். பாரிஸில் வசிக்கும் வாசகர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்வாலிட் மாளிகையின் மேல்மாடிக்குப் போய்ப் பார்க்கலாம். 1668இல் பதினான்காம் லூயி மன்னரின் போர் அமைச்சர் லூவுவா தொடங்கிவைத்த கோட்டை நகர மாதிரிகள் அங்கே இருக்கின்றன. அளவு பெரும்பாலும் அறுநூறில் ஒன்று. கோட்டை மதில் மட்டுமல்ல, வீடு, கோயில், வயல், மரம் எல்லாம் உண்டு. முற்றுகை இடுபவனுக்கும் காப்பவனுக்கும் நகரம் முழுவதும் தெரியவேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மாதிரியின் வேலை மாறியது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் விமான மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது. எதிரி விமானம் எது, நமது விமானம் எது என்று ஒரு பார்வையில் அடையாளம் காணப் படையினரைப் பழக்குவதற்கு அவை வேண்டியிருந்தன. அளவு எழுபத்திரண்டில் ஒன்று: ஆறு அடி, ஓர் அங்குலம். இங்கே ஊர் இல்லை, நிலம் இல்லை, இயந்திரத்தின் உருவம் மட்டும்தான்.

முப்பத்தைந்தில் ஒன்று என்ற அளவு யப்பானில் பிறந்தது. ஷிசுவோகா நகரத்தின்மேல் 1945 யூனில் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு வீசின. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த நகரில் தமியா குடும்பம் ஒரு மரக்காலையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மரத்தால் மாதிரிகள் செய்யத் தொடங்கினார்கள், பிறகு பிளாஸ்ரிக்குக்கு மாறினார்கள். 1960களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் பாந்தர் தாங்கியை மோட்டாரால் ஓடும் விளையாட்டுப் பொருளாக வெளியிட்டார்கள். உள்ளே மோட்டாரும் பற்றரிகளும் அடங்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த பருமன் அது. கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்று வந்தது. அதுவே உலகம் முழுவதும் இராணுவ மாதிரிகளின் அளவாக நிலைத்துவிட்டது. பற்றரியின் பருமன் ஒரு கலையின் இலக்கணமானது என்று சொல்லலாம்.

அந்த நிறுவனத்தை உலகப் பெயராக்கிய ஷுன்சாகு தமியா, ஷிசுவோகா எரிந்தபோது பத்து வயதுப் பையன். 1966இல் அமெரிக்காவின் அபர்டீன் இராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே நின்ற தாங்கிகளைப் படம் பிடித்து வந்தார். தன் நகரை எரித்த நாட்டின் வாகனங்களையும் அவருடைய தொழிற்சாலை அதே கவனத்தோடு செய்தது. 2025இல், தன் தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார். அவருடைய பெட்டிகளின் மேலட்டையில் வாகனத்தின் ஓவியம் வெள்ளைப் பின்னணியில் இருக்கும். எந்த ஊர், எந்த வீதி என்பது அதில் இல்லை. லூயி மன்னரின் மாதிரியில் படை இல்லாத நகரம் இருந்தது. எங்கள் காலத்து மாதிரியில் நகரம் இல்லாத படை இருக்கிறது.

செய்யும் முறை

பெரிய நிறுவனங்களின் கடைத்தட்டுகளில் பவலை நான் கண்டதில்லை. பெயரைச் சொல்லித் தேடினால் ஜேர்மனியின் ‘பியூஃபெல்’ என்ற மீட்புத் தாங்கிதான் முன்னே வருகிறது, அதுவும் எருமைதான். யாழ்ப்பாணத்துக்கு 1987இல் வந்த இந்தியப் படையின் ரீ-72 தாங்கி வேண்டுமானால் தமியா உட்படப் பலரிடம் பெட்டி பெட்டியாக உண்டு. பவலை வெறும் பிளாஸ்ரிக் தாளிலிருந்து வெட்டியே எடுக்க வேண்டும்.

முதல் வேலை கணக்கு. வாகனத்தின் நீளம் 5.1 மீற்றர், முப்பத்தைந்தால் பிரித்தால் 14.6 சென்ரிமீற்றர். அகலம் 2.05 மீற்றர், மாதிரியில் 5.9 சென்ரிமீற்றர். உயரம் மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவு, மாதிரியில் எட்டரைச் சென்ரிமீற்றர். பக்கத்தில் நிற்கும் ஆள் ஐந்து சென்ரிமீற்றர். என் தொழிலுக்குப் பழகிய விரிதாளில் ஒவ்வொரு அளவையும் எழுதிப் பிரித்துக்கொண்டேன்.

அடிச்சட்டத்துக்கு உக்ரேனின் ஐசிஎம் நிறுவனத்தின் யூனிமொக் 404 பெட்டியை வாங்கினேன். 404ம் 416ம் ஒரே குடும்பம். இயந்திரம் வேறு: முன்னையது பெற்றோல், பின்னையது டீசல். மூடியை மூடி ஒட்டிவிட்டால் இயந்திரம் தெரியாது. சக்கர அச்சுகளும் கீழே தொங்கும் பற்சக்கரப் பெட்டிகளும்தான் வெளியே தெரியும் பாகங்கள். அவற்றுக்கு அந்தப் பெட்டி உதவியது.

தொட்டியை அரை மில்லிமீற்றர் தாளில் வெட்டினேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. அரை மில்லிமீற்றரை முப்பத்தைந்தால் பெருக்கினால் பதினேழரை மில்லிமீற்றர். உண்மைத் தகட்டின் தடிப்பு சில மில்லிமீற்றர்தான். அதனால் வெளியே தெரியும் ஒவ்வொரு விளிம்பையும் உட்பக்கமாகச் சரித்துத் தேய்க்க வேண்டும். கண்ணுக்கு விளிம்பு மட்டும்தான் தெரியும்; விளிம்பு மெலிந்தால் முழுத் தகடும் மெலிந்ததாக நம்பிவிடும். இரண்டு தாள்களைக் கூராக இணைக்கும்போது உள்ளே குறுக்குச் சட்டங்களை ஒட்டாவிட்டால் பசை காயும்போது அடித்தளம் முறுகும். கீழே V வடிவம் அமைந்த பிறகுதான் இருக்கைகளை வைத்தேன்: பத்து இருக்கை, முதுகோடு முதுகு, முகம் வெளியே.

அந்த நிலையில், வர்ணம் பூசாத வெள்ளைப் பிளாஸ்ரிக்காக மேசையில் இருந்தபோது, வீட்டுக்கு வந்த என் பெரியம்மா அதைக் கண்டார். அவருக்கு எண்பது வயதாகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது பவல் எல்லோ?” என்றார். பிறகு இருக்கைகளை விரலால் காட்டி, “இப்பிடித்தான் இருப்பாங்கள். வேலிக்கு மேலால எங்களைப் பாத்துக்கொண்டுதான் போவாங்கள். குசினிக்குள்ள நான் என்ன சமைக்கிறன் எண்டதும் தெரியும்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இருக்கைகள் ஏன் வெளியே பார்க்கின்றன என்பதற்கு நூல்கள் தரும் விளக்கத்தை நான் படித்திருந்தேன். தாக்குதல் வந்தால் இருந்த இடத்திலிருந்தே சுடலாம். பக்கத் தகட்டை இறக்கி வேகமாகக் குதிக்கலாம். எல்லாம் சரியான விளக்கங்கள், உள்ளே இருப்பவரின் விளக்கங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அந்த இருக்கை வரிசையின் பொருள் என்ன என்பதை எந்தக் கையேடும் எழுதவில்லை. ஆறடிக் கிடுகுவேலி முப்பத்தைந்தில் ஒன்றாகச் சுருங்கினால் ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். தொட்டியில் இருக்கும் படையாளின் கண் அதற்கும் மேலே நிற்கிறது. பெரியம்மா சொன்னது அளவுகோலிலும் சரியாகவே வருகிறது.

நிறமும் மண்ணும்

தென்னாபிரிக்கப் பஃபெலுக்கு ‘நியூட்ரியா’ எனப்படும் மண்ணிறம் பூசினார்கள். இலங்கையில் அது பச்சையானது. மாதிரிக்காரர்களின் வழக்கப்படி முதலில் துரு நிறம், அதன் மேல் தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிறே, அதன் மேல் பச்சை. காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால், பச்சை அங்கங்கே உரிந்து துரு தெரியும். படையினர் ஏறி இறங்கும் விளிம்புகளில் மட்டும் உரிய வேண்டும்; எல்லா இடமும் உரித்தால் கைவிடப்பட்ட வண்டியாகிவிடும்.

பிறகு தூசு. ஒரு மாதிரி எந்த ஊருக்குரியது என்பதைத் தூசுதான் சொல்கிறது. வலிகாமத்துக்குச் செம்மண் வேண்டும், வடமராட்சி கிழக்குக்கு வெண்மணல். செம்மண்ணிலும் காய்ந்த மண் சக்கரத்தின் மேல் மங்கலாக நிற்கும்; தோட்டம் இறைத்த வாய்க்கால் ஓரம் ஏறிய மண் கறுத்து ஒட்டும். ஐரோப்பியச் சேற்றின் நிறத்தில் பொடிகள் கடையில் பல வகை உண்டு. எங்கள் மண்ணின் நிறத்தை நான்கு பொடிகளைக் கலந்து, சரியென்று தோன்றும் வரை பெரியம்மாவிடம் காட்டிக் காட்டித்தான் எடுத்தேன்.

பின்னணிக்கும் பெட்டியில் ஒன்றும் கிடையாது. நோர்மண்டியின் கல்வீடும் பேர்லினின் இடிந்த சுவரும் வாங்கலாம். பனை வாங்க முடியாது. கிடைக்கும் மரங்கள் தென்னையும் பேரீச்சையும்தான். கிடுகு வேலியைச் சணல் நாரில் பின்னினேன், கதியாலுக்கு எங்கள் வளவுச் செடியின் சுள்ளி. ஆட்களும் அப்படியே. படையினரின் உருவங்கள் நூற்றுக்கணக்கில் விற்பனைக்கு உண்டு. தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் பெண்ணை நான் பசைமாவில் செய்ய வேண்டும்.

எம்.எஸ்ஸி. படிக்க இங்கிலாந்தில் இருந்த காலத்தில் பொவிங்டன் தாங்கி அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன். 1943இல் துனீசியாவில் பிடிபட்ட ‘டைகர் 131’ அங்கே ஓடும் நிலையில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு ஆணியும் பதிவாகியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பவலுக்கு இருக்கும் படங்களோ பெரும்பாலும் படைத்தரப்பும் செய்தியாளர்களும் எடுத்தவை. எங்கள் குடும்ப அல்பங்களில் கலியாணம் உண்டு, சாமத்தியவீடு உண்டு, வீதியால் போன பவல் இல்லை. அதைப் படம் பிடிக்க யாருக்குத் துணிவு இருந்திருக்கும்? ஆகவே வேலிக்கு இந்தப் பக்கத்துச் சான்று மனிதர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது, அந்த மனிதர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது.

“இதை ஏன் செய்கிறாய், இது எங்களைக் கொல்ல வந்த வாகனமல்லவா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொல்ல வந்தது எப்படிச் செய்யப்பட்டது, யாரிடமிருந்து வந்தது, எதற்குப் பயந்து அந்த வடிவம் எடுத்தது என்பதும் எங்கள் வரலாற்றின் பகுதிதான். உள்ளே பட்டி கட்டிக்கொண்டு இருந்தவர்களில் பலர் தெற்கின் ஏழைக் கிராமத்துப் பையன்கள் என்பதும், கண்ணிவெடி அவர்களையும் விடவில்லை என்பதும் அதில் அடங்கும். வாகனத்தை மட்டும் செய்து வெள்ளைத் தாளில் நிறுத்தியிருந்தால் நண்பர்களின் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டிருப்பேன். வேலியையும் அதன் பின்னால் உள்ள குசினியையும் சேர்த்துச் செய்தால்தான் அது நடந்த இடம் ஆகிறது.

பீடத்தில் வைக்கும் பெயர்த்தகட்டில் வாகனத்தின் பெயர், படையணி, இடம், ஆண்டு என்று எழுதுவது வழக்கம். என் தகட்டில் ‘பவல், வலிகாமம், 1990கள்’ என்று தமிழில் எழுதியிருக்கிறேன். படையணியின் இடத்தைக் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு விட்டிருக்கிறேன். அவளுக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை. வாசகர்களில் யாருக்காவது அந்த வாகனத்தின் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, விளக்குகளுக்கு வலை இருந்ததா, அது வரும் சத்தம் எத்தனை ஒழுங்கைக்கு முன்னரே கேட்டது என்பவை ஞாபகம் இருந்தால் இதழுக்கு எழுதுங்கள். உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் அம்மாவையோ மாமாவையோ கேளுங்கள்.